ஏழாவது குறிப்பு

“அப்ப என்னோடத காக்கா படிச்சாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி.”

“கேக்குத நேரமாலே இது? மொதல்ல அந்தக் கொடத்த உள்ள கொண்டு போ. ஆலிம்சா ரெண்டு தரம் எட்டிப் பாத்துட்டாரு.”

ஆதில் குடத்தைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டான். தண்ணீர் தளும்பிக் கழுத்துக்குள் இறங்கியது. கேட்டிருக்கக் கூடாதுதான். அவனுக்கே தெரிந்தது. முற்றத்தில் நாலு பக்கமும் வேட்டியைக் கட்டி மறைத்த இடத்தில், பலகை மேல், அவன் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ரசீத் மையத்தாகக் கிடக்கிறார். குளிப்பாட்டுவதற்கு உடன்பிறந்தவன் கை வேண்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவனோ வாசலில் நின்று ஐயம்பெருமாள் அண்ணாச்சியிடம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நேற்று அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்றாராம். மேலப்பாளையம் தெருவிலிருந்து ஆட்டோ வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறைப்புக்குள் கற்பூரமும் இலந்தை இலையும் மணத்தன. பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லச் சொல்ல ஆதில் வலது பக்கத்திலிருந்து பைய ஊற்றினான். அண்ணனின் கீழுதடு லேசாக உள்ளே மடங்கியிருந்தது. குறிப்பு எழுதும்போது அப்படித்தான் மடக்கிக்கொள்வார். கால்சட்டைப் பையில் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும், குழுவில் எல்லாரும் காக்காவுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தான் செத்தால் இத்தனை அதிர்வு வருமா என்று ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த கோப்பைத் தண்ணீரை அவன் கொஞ்சம் வேகமாக ஊற்றிவிட்டான்.

“பைய வாப்பா, பைய,” என்றார் ஆலிம்சா.

குறுக்கெழுத்துக் குழு அது. சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. விடையை நேராகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்கிற ஜாதி. வாக்கியத்தின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும், மிச்சத்தில் விடையை உடைத்த துண்டுகள் இருக்கும். மேலே பார்த்தால் அது வேறு ஏதோ ஒரு கதை பேசும். வாரம் ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதற்கு ஆளுக்கொரு குறிப்பு எழுதி ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்கு அனுப்ப வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் உரக்கடை வைத்திருப்பவர் அவர். பெயர்களை எடுத்துவிட்டு, வெறும் எண் போட்டு, நடுவருக்குக் கொடுப்பார். போன வாரம் ஜெயித்தவர்தான் இந்த வாரம் நடுவர். ஜெயித்தவர் பெயர் மட்டுமே வெளியே வரும். தோற்றது யார் யார் என்று நடுவருக்குக்கூடத் தெரியாது.

இந்தக் குழுவைக் கண்டுபிடித்தது ஆதில்தான். சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமை மதியங்களில், ஏசி அறையின் அரை இருட்டில் படுத்துக்கொண்டு எழுதிப் பழகியிருந்தான். ஒருநாள் போனில் காக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தான். கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற மனிதர். இரண்டே மாதத்தில் ஜெயித்தார். பிறகு ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஆதில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. மற்றவர்கள் நடுவராக இருக்கும்போது தோற்றால் பரவாயில்லை என்று இருந்துவிடுவான். காக்கா நடுவராக இருக்கிற வாரங்களில் முடிவு வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவான். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தார்கள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இந்த வாரச் சொல் தலையணை. நடுவர் ரசீத். முடிவை அவர் நேற்று சொல்லியிருக்க வேண்டும்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில், தோள் மாற்றிக்கொள்ள வந்த ஒருவர் ஆதில் பக்கத்தில் நடந்தார். பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். பாலசுப்பிரமணியன் என்று சொன்னார். கண் சிவந்திருந்தது.

“ரசீத் பாயோட தம்பியா? என்னா மூள சார் அவருக்கு! நானெல்லாம் அவரு குறிப்ப என் வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “நீங்களும் எழுதுவீங்களோ?”

நாலு வருடமாக ஒரு வாரம் தவறாமல் எழுதுகிறவன், “எப்பவாச்சும்,” என்றான்.

மையவாடியில் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டான். மூன்றாவது பிடியில் சிறு கல் ஒன்று இருந்தது. அதை விரலால் தடவி எடுத்து ஓரமாக வைத்தான். துஆ ஓதி முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். ஐயம்பெருமாள் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவனைப் பார்த்ததும் கூடவே நடந்தார். இருவரும் பாளையங்கால்வாய் கரையோரமாக வந்தார்கள். தண்ணீர் குறைவாக, கலங்கலாக ஓடியது. ஆகாயத்தாமரை ஒதுங்கிய இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

“காலைல நீ கேட்டல்லா,” என்றார் அண்ணாச்சி. “சொல்லாம வச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது. ஒங்கண்ணன் நேத்து சாயங்காலமே எனக்குப் போன் போட்டு முடிவச் சொல்லிட்டாரு.”

ஆதில் நின்றுவிட்டான்.

“நட லே, நடந்துக்கிட்டே கேளு. ஒரு விதி இருக்குல்லா, எழுதுன கை யாருதுன்னு நடுவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா எங்கிட்டச் சொல்லி அத ஒதுக்கி வச்சிரணும்னு. நேத்து பாய் என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஏழாம் நம்பர ஒதுக்கிருங்க அண்ணாச்சி, அது எந்தம்பி எழுதுனது. இருக்கதுலயே அதான் ஒசத்தி. ஆனா நான் கொடுத்தா நல்லாருக்காது. பதினொண்ணுக்குக் குடுத்துருங்க’ன்னாரு.”

கால்வாயின் சத்தம் திடீரென்று கேட்காமல் போனது போலிருந்தது. இருக்கதுலயே அதான் ஒசத்தி. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நெசமாவா?”

“நெசந்தான்.” அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஆனா ஏழு ஒன்னோடது இல்லலே.”

கொக்கு ஒரு காலை மாற்றி வைத்தது.

“ஒன்னோடது நாலு. ஏழு விஜயஸ்ரீன்னு திசையன்விளைப் பொண்ணு ஒண்ணு எழுதுனது. கூட்டுறவு பேங்க்ல வேல. மொத தடவையா எழுதுது.” அவர் நிறுத்தாமல் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிடப் பார்த்தார். “இந்த ஒரு தடவைன்னு இல்ல. பாய் நடுவரா இருந்த எல்லா வாரமும் இதே கததான். ஒண்ண எடுத்து வச்சிக்கிட்டு, ‘இது ஆதில் கை, எனக்குத் தெரியாதா’ம்பாரு. ஒரு தடவகூட அது நீயா இருந்தது கெடயாது.”

“நீங்க சொல்லலியா?”

“எப்பிடிச் சொல்ல? தோத்தவம் பேரு வெளிய வரக்கூடாதுல்லா. சரின்னு வச்சிருவேன். நல்லா எழுதுனவன் எவனோ அந்த வாரம் தோத்துப் போவான். மனுசன் சந்தோசமாச் சொல்லுதப்ப நான் என்னத்தச் செய்ய?”

“நாலப் பத்தி என்ன சொன்னாங்க?”

“விடு டே.”

“சொல்லுங்க.”

“ஒண்ணும் சொல்லல. போன்ல வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்தவரு, நாலப் படிச்சுட்டு அஞ்சுக்குப் போயிட்டாரு.”

நாலாவது அவன் மூன்று ராத்திரி கண்விழித்து எழுதியது. ‘சிரத்தின் பின் நீர் தேங்குமிடம், படுத்தால் தாங்கும்.’ சிரம் என்றால் தலை, நீர் தேங்குமிடம் அணை, படுத்தால் தாங்குவது தலையணை. அதில் ஒரு சொல்கூடப் பிசகாது. அண்ணாச்சி கைப்பேசியை எடுத்து ஏழாவதைத் தேடி நீட்டினார். ஆதில் வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு படித்தான்.

‘பாதித் தலைவனைத் தழுவு, உறங்கத் துணை.’

தலைவனில் பாதி தலை. தழுவு என்றால் அணை. உறங்கத் துணை தலையணை. துண்டுகள் பொருந்தினவா என்று பார்த்து முடித்த பிறகும் அந்த வரி முடியவில்லை. அந்த வரிக்குள் யாரோ ஒருத்தி விளக்கை அணைக்காமல் படுத்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் காலியாக இருந்தது. இதை எழுத ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரிசி வேகிற நேரமா? பேங்க் கவுண்டரில் டோக்கன் கூப்பிடுகிற இடைவெளியா? தன் அண்ணன் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருத்தி, அண்ணன் தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. இந்த வாரம் அவள். அதற்கு முந்தைய வாரங்களில் வேறு வேறு ஆட்கள். எல்லாரும் அவன் பெயரில் காக்காவின் மெச்சலை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

“எல்லாரும் முடிவு போடச் சொல்லுதாங்க. பாய் கடைசியாச் சொன்ன தீர்ப்புல்லா, அவருக்கு மரியாத மாதிரி,” என்றார் அண்ணாச்சி. “பதினொண்ணு இப்ப வந்துட்டுப் போனாருல்லா, பாபநாசத்துக்காரரு, அவருது. ஆனா எம்மனசு கேக்கல. நியாயப்படி ஏழுக்குத்தான் போவணும். ஏழுன்னே போட்டுரட்டா? நீ சரின்னா போட்டுருதேன். ஒன்னக் கேக்காம செய்ய மாட்டேன்.”

“காக்கா என்ன சொன்னாங்க?”

“ஒதுக்கி வைக்கச் சொன்னாரு.”

“அப்ப ஒதுக்கியே வைங்க.”

அண்ணாச்சி அவனை ஏறிட்டுப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி. வீட்டுக்குப் போ. ஆளுக தேடுவாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தம் இருந்த பக்கமாகத் திரும்பினார்.

வீட்டில் பெண்கள் குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் கட்டியிருந்த வேட்டிகளை யாரோ அவிழ்த்து, நனைந்தபடியே சுருட்டி வைத்திருந்தார்கள். உள்ளறை வாசலில் புதிதாகத் திரை போட்டிருந்தது. அண்ணன் மனைவி, அவனுடைய மச்சி அர்வா, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கிறாள். இனி நாலு மாதமும் பத்து நாளும், கொழுந்தனே ஆனாலும் ஆதில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நேற்றுக் காலை தோசை வைத்துவிட்டு, “இன்னும் ஒண்ணு தின்னுங்க தம்பி, காத்துல பறந்துருவீங்க,” என்று சிரித்தவள்.

அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரை அசைந்தது.

“தம்பியா?”

“ஆமா மச்சி.”

“மையவாடில எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“மழை தண்ணி நிக்குத எடமா?”

“இல்ல மச்சி. மேடுதான். பக்கத்துல ஒரு புங்கமரம் நிக்கி.”

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆதில் நகரப் பார்த்தான்.

“தம்பி, போயிராதீங்க.” குரல் கரகரத்திருந்தது. அழுது முடித்த குரல். “நேத்து அஸர் தொழுதுட்டு வந்து அவங்க ஒரே சிரிப்பு. போன வச்சுக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டாங்க. ‘ஆதில் இந்த வாரம் என்னையும் தாண்டிட்டான்டி, ஒரு வரி எழுதிருக்கான் பாரு’ன்னாங்க. எனக்கு இதெல்லாம் என்ன வெளங்குது? எண்ணெ காயுது, பொறவு சொல்லுங்கன்னுட்டேன். அந்தப் பொறவுதான் வரவே இல்ல.”

ஆதில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். சுவர் இன்னும் வெயிலின் சூட்டை வைத்திருந்தது.

“கேக்கலியேன்னு இருக்கு. நீங்க எழுதுனதுதான. ஒங்களுக்கு மனப்பாடமா இருக்கும்லா?”

யாசீன் ஓதும் குரல்கள் ஒரு மூச்சுக்கு நின்றன. திரையின் ஓரத்தில், கீழே, அவளுடைய விரல் நுனிகள் துணியைப் பிடித்திருந்தன.

“அந்த ஒரு வரியச் சொல்லுங்க தம்பி. அவங்க சிரிச்சது என்னன்னு நானும் கேட்டுக்கிடுதேன்.”