கண்ணை மூடிக்கொண்டு சொன்ன நன்றி

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் நன்றி என்று சொன்னாலும், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும்.

புயலில் கூரை பறந்துபோன சின்ன ஆலயம் ஒன்றைச் சரிசெய்ய, எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போயிருந்தோம். கூரைக்குத் தச்சர் அண்ணன், வயரிங்குக்கு நான், ஊர்க்காரர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க நர்சம்மா. தங்கியது ஆலயத்துக்கு எதிரே, ஒரு தையற்காரர் வீட்டில். அவர் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அதனால் அவருக்கும் சேர்த்து அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர்தான் பேசுவார்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன்.

"வெந்நீர் வச்சுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிக்கா."

"வீட்டு ஆளுங்க நன்றி சொல்வாங்களா தம்பி? தட்டை நீட்டுங்க."

"தேங்க்ஸ்னா பரவாயில்லையாக்கா?" என்றார் நர்சம்மா.

"அதுக்கும் ஒரு கரண்டி உண்டு."

தச்சர் அண்ணன் மட்டும் கூரையிலிருந்து பசியோடு இறங்கும்போதெல்லாம் தெரிந்தே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கோ சொல்லாத நன்றி வயிற்றுக்கு மேலே, நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏணியில் மாட்டி என் பேன்ட் கிழிந்த அன்று, வீட்டு முன்பக்கத்துத் தையல் கடையில் நான் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டு அதைத் தைத்துக் கொடுத்தார் தையற்காரர். அப்போதுதான் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் இரண்டு தலையணைகளைப் பார்த்தேன். நர்சம்மாவுக்குத் தங்கள் அறையையும் எங்களுக்குக் கூடத்தையும் விட்டுவிட்டு, அவர்கள் இருவரும் அங்கே படுத்திருக்கிறார்கள்.

இதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லாமல் பஸ் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் வாயைத் திறந்தால் கரண்டி வருகிறதே.

கிளம்புகிற நாள் வந்தது. பஸ் வாசலில் நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஜெபத்துக்கு நின்றபோது எனக்குப் பொறி தட்டியது. ஜெபத்தின் நடுவே யாரும் பேசக் கூடாது. இருமியதற்கே தையற்காரரை அக்கா கிள்ளியதை நான் பார்த்திருக்கிறேன்.

"இன்னைக்கு நான் ஜெபம் பண்றேன்," என்றேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்காக நன்றி. அந்த வெந்நீருக்காக நன்றி. என் மானத்தைக் காப்பாத்தின தையலுக்காக நன்றி..."

"தம்பி," என்று ஒரு குரல் பல்லைக் கடித்தது.

"மேஜைக்கு அடியில இருக்கிற ரெண்டு தலையணைக்காகவும் நன்றி ஆண்டவரே."

குரல் அடங்கிவிட்டது. நான் விடவில்லை. ஈரச் சாக்ஸை இஸ்திரி போட்டுக் காயவைத்தது வரைக்கும் வந்தேன். தச்சர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். வெளியே ஹாரன் கத்தியது. ஆமென் என்றேன்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா தொடங்கிவிட்டார்.

"ஆண்டவரே, கூரையைப் போட்டுக் குடுத்த இந்தப் பிள்ளைங்களுக்காக நன்றி. பிள்ளை இல்லாத வீட்ல சத்தம் போட்டதுக்காக நன்றி. இந்தத் தம்பி தந்திரக்காரன், அவனுக்காகவும் நன்றி."

ஹாரன் திரும்பக் கத்தியது. பிறகு ஓட்டுநரே உள்ளே வந்து, எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தையற்காரர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு, தெளிவாக, "ஆமென்," என்றார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஆண்டவர்கிட்ட சொன்னதை ஒட்டுக்கேட்டுட்டேன் தம்பி. எத்தனை தடவைன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டும் இருந்தேன்."

சோற்றுப் பானையை அப்படியே பெரிய தூக்குவாளியில் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். கனத்தில் என் தோள் இறங்கிப்போனது. தச்சர் அண்ணன் முகத்தில் மட்டும் பரலோகம் தெரிந்தது.

நேரமாகிறது என்று ஓட்டுநர் தவித்தார். அவர் வெயிலில் வந்தவர் ஆயிற்றே என்று அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். வாங்கிக் குடித்த மனிதர், பாவம், வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க," என்றார்.

நாங்கள் மூவரும் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அக்கா தட்டு எடுக்கப் போயிருந்தார்.