நொட்டாங்கைக் கல்

குழித்துறைக்கு மேற்கே ஒரு கிறிஸ்தவச் சபையில் யார் வீடு கட்டினாலும் முதல் கல்லைச் செல்வதாஸ்தான் போடவேண்டும். அதுவும் இடது கையால். மற்ற ஊர்க்காரர்கள் இடது கையால் எதை நீட்டினாலும் முகம் சுளிப்பார்கள். இங்கே அதுதான் ராசி. எல்லாம் ஒரு படம் செய்த வேலை.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு லண்டனில் அச்சான ஒரு மிஷன் புத்தகத்தில், இந்த ஊர்ச் சபைக் கோயிலுக்குக் கல் போடும் காட்சி வந்திருந்தது. போடுகிறவர் செல்வதாஸின் பூட்டன், கொத்தன் ஞானாபரணம். வலது கையை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு இடது கையால் கல்லை வைக்கிறார். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் கோயிலில் மாட்டிய நாளிலிருந்து ஊருக்கு நொட்டாங்கைமேல் பக்தி வந்துவிட்டது. குடும்பத்தில் நொட்டாங்கைப் பழக்கத்தோடு பிறந்தவர் செல்வதாஸ் ஒருவர்தான். சாதாரண நாளில் அவர் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர். கல் போடும் நாளில் மட்டும் மாப்பிள்ளை நடை நடப்பார்.

சபையைச் சேர்ந்த எட்சன் குவைத்திலிருந்து லீவில் வந்து வீட்டுக்குக் கல் போட நாள் குறித்தான். அதற்கு மூன்று நாள் முன்பு இங்கிலாந்திலிருந்து சபைக்கு ஒரு பார்சல் வந்தது. சபைச் செயலாளர் என்ற முறையில் செல்வதாஸ்தான் பிரித்தார். உள்ளே, அந்தப் புத்தகத்துக்காக ஓவியர் கறுப்பு மையில் வரைந்த அசல் படம். பூட்டனின் தலைப்பாகை மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. கல்லை வைக்கிற கை வலது கை என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

படத்தை அனுப்பிய வெள்ளைக்கார அம்மாள் கடிதத்தில் விளக்கியிருந்தார். ஓவியர் வரைந்ததை அப்படியே மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அழுத்தியதால் இடம் வலமாகிவிட்டதாம். முப்பது வருடமாக எழுத்தைத் திருப்பித் திருப்பி ஸ்டாம்பு செய்கிறவருக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. நல்ல தொழிலாளிதான்.

எட்சன் வீட்டு வேலை முடிகிறவரை படம் பீரோவில் இருக்கட்டுமே என்று மனைவி நேசபாயிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நீங்க அவ்வளவு கெட்டிக்காரனும் இல்ல.”

கல் போடும் அன்று காலையில் செல்வதாஸ் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். உபதேசியார் ஜெபம் முடித்ததும் எல்லாருக்கும் அதை விரித்துக் காட்டினார். இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே பேசினார்.

“எங்க பூட்டன் சோத்தாங்கைக்காரரு. நான் இத்தன காலம் போட்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. எட்சா, ஒனக்கு இஷ்டமுள்ள ஆளக் கூப்பிட்டுக்க மக்கா.”

எட்சன் தன் அம்மா லீமாவைப் பார்த்தான். லீமா படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். பூட்டனுக்கு நல்ல மூக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

“நாங்க ஒங்க பூட்டனயா கூப்பிட்டோம்? கல்லு போட்ட நாளு தொட்டு பாலுகாச்சுத வரைக்கும், நாலு நாளைக்கொருக்கா வந்து நின்னு பாக்கியளே. செவரு கோணுனா சண்ட போடுதியளே. அத வேற ஆரு செய்வா அண்ணே?”

சண்டையை வாங்கிக் கட்டிக்கொள்கிற கொத்தனார் பொன்னுலிங்கம் பக்கத்தில்தான் நின்றார். அது தனக்கல்லவா தெரியும் என்று அவர் முனகியதும் கூட்டம் சிரித்துவிட்டது.

செல்வதாஸ் குனிந்தார். பூட்டனுக்கு மரியாதை செய்ய நினைத்து வலது கையால் கல்லை எடுத்தார். கல் ஒரு பக்கம், வரிசை பார்க்கக் கொத்தனார் கட்டிய நூல் ஒரு பக்கம் போனது.

“வோய், ஒமக்கு வாற கையால வையும்,” என்றார் பொன்னுலிங்கம். “பொறவு நாந்தான் ஏச்சு கேக்கணும்.”

இடது கையால் வைத்தார். கல் நூலோடு சேர்ந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் பூட்டனுக்குக் கிடைத்த மரியாதையைத்தான் தான் வாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். அப்படியே நின்றவர், வாசல் எந்தப் பக்கம் வருகிறது என்று பொன்னுலிங்கத்திடம் கேட்டு, அது சரியில்லை என்று ஆரம்பித்தார்.