பதினேழாவது பார்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து எனக்குக் கிடைத்தது. என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. தமிழ் எழுத்து செய்த குறும்பு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: முத்துநகரின் கடல்மீது அந்தி சாயும் அந்த—

(வேண்டாம். அந்தியைச் சாய்க்காமல் தூத்துக்குடியைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.)

2

விஜிலாவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய லேப்டாப், இலவச சாஃப்ட்வேர், பாட்டு. ஸ்டுடியோ வைத்து இசையைத் தொழிலாகவே செய்கிற ஃபிராங்க்ளின், கடற்கரைப் பாடல்களை ஆல்பமாகப் போடுகிறார். அதில் அவள் பாட்டும் ஒன்று, அவள் பெயரோடு. ‘ஆசைக்குச் செய்கிற பிள்ளை’ என்ற பேச்சு அதோடு ஒழியும் என்று காத்திருந்தாள். அப்போதுதான் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“விஜிலா, பதினேழாவது பார் வெறுமையா கெடக்கு. எதையாவது நிரப்பிக் கொண்டா. நாளைக்குச் சாயங்காலம் ஆல்பம் வெளியீட்டுக்குப் போயிரும்.”

(பார்: ஃபிராங்க்ளினுக்குத் தாளத்தில் ஓர் அளவு, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம். சங்கு குளிக்கிற அவள் அண்ணன் அமலனுக்கோ, சிப்பியும் சங்கும் விளைகிற கடலடிப் பாறை.)

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அமலனுக்குச் சுருக்கென்றது.

“ஏளா, எவன் சொல்லுதான் பார் வெறுமையா கெடக்குன்னு? கரையில இருந்துக்கிட்டு!”

“அண்ணே, அது பாட்டுல உள்ள பார்...”

“எந்தப் பாரா இருந்தா என்ன? போனைத் தா, காட்டுதேன்.”

3

விடிந்ததும் போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, நெஞ்சில் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் கடலடிப் பாருக்கு இறங்கினான். (போன் பிழைக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். கதைக்காகப் பிழைத்தது.)

போனில் பதிவாகி வந்ததை விஜிலா லேப்டாப்பில் போட்டுக் கேட்டாள். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே சடசடப்பு. பாரில் வாழும் அத்தனை உயிர்களின் சத்தம். அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

ஸ்டுடியோவில் ஃபிராங்க்ளின் ஹெட்போனைக் கழற்றினார். “இது எந்த பிளகின்? எந்த சாஃப்ட்வேர்ல செஞ்ச சத்தம்?”

“பார்தான், அண்ணாச்சி.”

அவர் பெரிய ஸ்பீக்கரில் போட்டு ஒரு குமிழை மெல்லத் திருகினார். சடசடப்புக்கு அடியிலிருந்து எழுந்தது: தொம். தொம். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கர் இதைக் கேட்க விடவே இல்லை. அமலனின் நெஞ்சுத் துடிப்பு.

“இத்தன காலமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒண்ணு கேட்டதில்ல,” என்றார். தினமும் சண்டை போடுகிற அண்ணனுக்குள் இப்படி ஒரு சத்தமா என்று விஜிலா இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

4

பாட்டின் வேகம் வேறு, நெஞ்சின் வேகம் வேறு. ஃபிராங்க்ளின் கேட்டார்:

“நெஞ்சை இழுத்துப் பாட்டோட ஒட்டவா? இல்ல, பாட்டையே மாத்துதியா? மாத்துனா இன்னைக்கு முடியாது. இந்த ஆல்பத்துல நீ இல்ல.”

முடிவு அ: ‘ஒட்டுங்க’ என்றாள். (எழுதிப் பார்த்தேன். எனக்கே மூச்சு முட்டியது.)

முடிவு ஆ: லேப்டாப்பை மூடிக்கொண்டு நிமிர்ந்து நட— (பொய். அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். ரொம்ப வேண்டும்.)

விஜிலா சொன்னாள்: “                    ”

நிரப்புங்கள். வெறுமையாகக் கிடக்கிறதே என்று மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அமலன் காதில் விழுந்தால், உங்கள் போனையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவான்.