வியன்னாவுக்குப் போட்ட பூ

பிராக் என்ற ஊர்ப் பெயரைச் சடையன் அதற்கு முன் காதால் கேட்டதில்லை. வியன்னாவைக் கேட்டிருக்கிறார். அதனாலேயே அவருக்குப் பிராக் பிடித்துப்போனது.

மகன் வளவன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டிப் பேசினான். அப்பா அம்மாவுக்கு விசா வந்தாகிவிட்டது. ஜூலை மாதம் முழுக்க அவன் வீட்டில் இருக்கப் போகிறார்கள். அதில் நாலு நாள் இவர்கள் இருவர் மட்டும் தனியாக ஓர் ஊருக்குப் போய்வர வேண்டுமாம். நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவனும் மருமகள் தென்றலும் சேர்ந்து செய்கிற ஏற்பாடு.

"பிராக், இல்லன்னா வியன்னா. ரெண்டுக்கும் இங்கேர்ந்து நேர் ரயில் இருக்குப்பா. யோசிச்சு ஒண்ணு சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம டிக்கெட் போட்டுடறேன்."

"பாஷை தெரியாத ஊர்ல எங்களத் தொலைச்சிட்டு வர்றதுக்கு டிக்கெட் வேறயா?"

"தொலைய மாட்டீங்க. பிராக்ல என் பிரெண்டு இளஞ்செழியன் இருக்கான், பாத்துப்பான். வியன்னான்னா நம்ம பெலிக்ஸ் இருக்காரு. ஸ்டேஷனுக்கே வந்துடறேன்னு சொல்லிட்டாரு."

"அவன்கிட்ட நீ எப்படா பேசின?"

"அம்மாதான் நம்பர் குடுத்தாங்க."

சடையன் திரும்பிப் பார்த்தார். திரௌபதி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவுகிற கை நிற்கவே இல்லை.

செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல் சடையனும் மாடியில் ஓர் அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வருவார்கள், மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், போய்விடுவார்கள். பெலிக்ஸ் மட்டும் ஏழு வருடம் விடாமல் வந்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வந்து இறங்கினால் மாசி கழிந்துதான் கிளம்புவான். கொரோனாவோடு அது நின்றது. அந்த நாளில் சடையன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாக்பூர், இந்தூர் என்று பதினைந்து நாள் போய்விட்டு வருவார். ஒரு தடவை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே திரௌபதி சிரிக்கிற சத்தம் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. எட்டிப் பார்த்தால் ஆறடி ஆள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவினான். அதோடு விட்டானா? அவள் தட்டையும் வாங்கிக் கழுவினான்.

காரணமில்லாமல் எவனும் அடுத்தவன் பெண்டாட்டி தட்டைக் கழுவ மாட்டான் என்பது சடையனின் முடிவு. முப்பது வருடம் ரோட்டில் கிடந்தவருக்கு மனிதர்களைப் பற்றி நல்ல எண்ணம் கிடையாது. அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

போனை வைத்ததும் அவர் சொன்னார்: "பிராக் போலாம்."

"வியன்னா போலாம்யா," என்றாள் திரௌபதி.

"அங்க இன்னா கீது?"

"பிராக்ல இன்னா கீது?"

அவருக்குத் தெரியவில்லை. "ஆறு கீதாம்," என்று சொல்லிவைத்தார்.

"ஆறு வியன்னாலயும் கீது. மவன் படம் காட்னான்."

செவ்வாய், புதன் இப்படியே போனது. குளிர் ஜாஸ்தி என்றார். ஜூலையில் எந்தக் குளிர் என்றாள். பெயர் ராகு காலத்தில் வைத்ததுபோல் இருக்கிறது என்றார். பிராக் மட்டும் நல்ல நேரத்தில் வைத்த பெயரா என்றாள். பெலிக்ஸ் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவள் எடுக்காததுதான் சடையனை அரித்தது. மறைப்பு இல்லை என்றால் ஏன் வாயில் வரவில்லை? அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தார். பெலிக்ஸ் அனுப்பியது ஒரே ஒரு படம்தான்: அடுப்பு மேல் ஒரு பாத்திரம். ஏதோ சங்கேதம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை திரௌபதியே வழி சொன்னாள். "நம்ம ஆத்தாகிட்ட பூ போட்டுக் கேட்டுடலாம். அவ சொல்றது எந்த ஊரோ அந்த ஊரு."

அவர்கள் குலதெய்வம் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அம்மன். பெண் எடுப்பதானாலும் நிலத்தில் போர் போடுவதானாலும் அவளைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காரியம் நடந்ததில்லை. சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். வீட்டுக்குப் பெரியவன் கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய் இலையில் மடித்துக் கட்டி வருவான். பூசாரி இரண்டையும் தட்டில் குலுக்கி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். மற்றதைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஏரித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதுதான் அந்தக் கோயில் வழக்கம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனார்கள். சிவப்பு அரளி பிராக்குக்கு, நந்தியாவட்டை வியன்னாவுக்கு என்று ஆத்தா முன்னால் திரௌபதி சத்தமாகச் சொன்னாள். பூசாரி அருணகிரி தலையாட்டினார். இலையும் நாரும் எடுத்துக்கொண்டு சடையன் பின்பக்கம் போனார். நந்தியாவட்டையைக் கையில் எடுத்தார். வெள்ளை வெளேரென்று, பெலிக்ஸ் நிறத்தில் இருந்தது. அதை வேலியோரம் வீசிவிட்டு இரண்டு இலையிலும் அரளியை வைத்துக் கட்டினார்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

திரௌபதி விபூதி வாங்கிப் பூசிக்கொண்டாள். "ஆத்தா சொல்லிட்டா சரி," என்றாள். முகம் கொஞ்சம் சின்னதாகிப் போனது. ஆனால் சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஜெயித்த சந்தோஷம் சடையனுக்கு வரவே இல்லை. இவ்வளவு சுளுவாக விடுகிறாளே, வேறு ஏதாவது ஏற்பாடு இருக்குமோ? அவன் பிராக்குக்கே ரயில் ஏறி வந்துவிடுவானோ?

மற்ற பொட்டலத்தை விடலாம் என்று ஏரிக்குப் போனால் வெயிலில் ஏரி வெடித்துக் கிடந்தது. சேறுகூட இல்லை. அதற்குள் பஸ்காரன் ஆரன் அடித்தான். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். வீட்டுக் கிணற்றில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர், வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனார்.

சனிக்கிழமை காலை. துணி ஊறவைப்பதற்கு முன்னால் திரௌபதி எப்போதும் பைகளைத் துழாவுவாள். பீடிக்கட்டு, பஸ் டிக்கெட், சில்லறை. அன்றைக்குப் பொட்டலம் வந்தது. இலை காய்ந்து சுருண்டு தானே வாயைப் பிளந்திருந்தது.

"இது இன்னாய்யா?"

"பூ."

"அது தெரியுது. வியன்னாவுக்குப் போட்ட பூ இது. வெள்ளையா இல்ல இருக்கணும்?"

காய்ந்ததில் நிறம் மாறிவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வேகாது என்று தெரிந்தது.

"என்மேல நம்பிக்கை இல்ல. சரி, அது நாப்பது வருஷமா பாக்கறதுதான். ஆத்தா மேலயுமா இல்ல? அவகிட்டயே கள்ளத்தனம் பண்ணிட்டு, நாளைக்கு ஆகாசத்துல ஏறி உக்காருவியா?"

"நீ மட்டும் ஒழுங்கா? அவனப் பாக்கணும்னுதான வியன்னா வியன்னான்ற?"

"ஆமா."

சடையன் ஆமாவை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், அதை எப்படி உடைப்பது என்று ஆறு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் வீணாகப் போனது.

"ஏழு வருஷம் அந்த ஆளுக்கு நான் சோறு போட்டேன்," என்றாள் திரௌபதி. சட்டையை வாளியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "கடைசியா போறப்ப சொல்லிட்டுப் போனாரு. அக்கா, ஒரு நாளு நீங்க எங்க ஊருக்கு வரணும், நான் ஆக்கிப் போடறேன், நீங்க எடத்த விட்டு ஏந்திரிக்கவே கூடாதுன்னு. எங்கம்மா ஊட்டுக்குப் போனாலும் நாந்தான் கரண்டி புடிப்பேன். மவன் ஊட்டுக்குப் போனாலும் நாந்தான் கொழம்பு வைப்பேன், நீ வேணா பாரு. எனக்குன்னு ஒருத்தர் தட்டு வச்சு, உக்காருன்னு சொன்னதே கெடையாதுய்யா. அது எப்டி இருக்கும்னு ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான் என் ஆச."

"ஏன், நான் சொல்ல மாட்டனா?"

"எப்ப சொன்ன?"

சடையன் யோசித்துப் பார்த்தார். இந்தூர் தாபாவில், நாக்பூர் தாபாவில், பேர் தெரியாத எத்தனையோ ஆட்கள் அவருக்குத் தட்டு வைத்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாருக்குச் சொன்னார்? எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வாசலுக்குப் போய் ஒரு பீடி குடித்தார். அடுப்பு மேல் பாத்திரம் இருந்த அந்தப் படம் இப்போது புரிந்தது. புரிந்ததும் வயிற்றெரிச்சல் கூடித்தான் போனது. கையைப் பிடித்து இழுக்க நினைக்கிறவன் என்றால் நாலு அறை விட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சோறு போட நினைக்கிறவனை என்ன செய்வது?

உள்ளே வந்து மகனைப் போனில் கூப்பிட்டார்.

"வியன்னாவுக்கே போட்டுடு."

"பிராக்குனு பூ வந்துச்சுன்னீங்களே?"

"பூ மேல தப்பு இல்ல. கட்டினவன் தப்பு. நீ போடு."

"சரிப்பா. பெலிக்ஸ் அவர் வீட்லயே தங்கச் சொன்னாரு..."

"அதெல்லாம் வேணாம். லாட்ஜ் போடு. ஒரு வேளை சாப்பாடு வேணா போடட்டும்."

"ரெண்டு வேளை," என்றாள் துணி துவைக்கிற கல்லிலிருந்து திரௌபதி.

"ரெண்டு வேளை," என்றார் சடையன். "ஆனா பக்கத்துல நானும் உக்காந்திருப்பேன்னு அவன்கிட்ட சொல்லி வை."

போனை வைத்ததும் அவள் ஈரக்கையோடு வந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, பொட்டலத்தோடு சேர்த்து அவர் கையில் வைத்தாள். "அடுத்த பஸ்ஸுக்கே போ. செஞ்சதச் சொல்லி ஆத்தா கால்ல வுழுந்துட்டு வா."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆத்தாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசனை அங்கே நிற்காமல் வியன்னாவுக்கு ஓடியது. பெலிக்ஸுக்கு பீன்ஸ் நறுக்க வரும், அது அவர் கண்ணால் பார்த்தது. மற்றபடி சமைக்கத் தெரியுமா? சோறு குழைந்து, குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால் நன்றாக இருக்கும். மன்னிப்போடு சேர்த்து அதையும் கேட்டுவிடலாமா என்று, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற இடம் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார்.