வெயில் காய்ந்த சட்டை

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவள். முகமும் கையும் ஒரு நிறம், மற்றதெல்லாம் வேறு நிறம். எங்கள் வீட்டுக்காரருக்கு மீன் குளிர்கிடங்கில் வேலை. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். வீட்டில் சத்தம் போடுவது நான். அவருக்கு அதற்கெல்லாம் வாய் வராது.

ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு ஆய்வு செய்யும் அம்மா ஒருவர் வந்தார். யார் மேல் எவ்வளவு வெயில் படுகிறது, ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று பல நாட்டு மக்களிடமும் பார்க்கிறார்களாம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெயிலம்மா.

"வெயில் குறைவான ஊருங்கள்ல சில புற்றுநோய் கூடுதலா இருக்கு. வெயில் கொளுத்துற ஊர்ல, வெளுத்த தோல்காரங்களுக்குத் தோல்லயே வருது. கருத்த தோலுக்கு அதே வைட்டமின் கிடைக்கணும்னா இன்னும் கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கணும்," என்றார்.

"அப்ப வெயில் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏம்மா உங்க பின்னாடி அலையறேன்?"

அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வேண்டாம் வேண்டாம் என்ற வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போய் அந்த ஆய்வில் சேர்த்துவிட்டேன்.

ஆளுக்கொரு வில்லை கொடுத்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான், படுகிற வெயிலையெல்லாம் அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம். காலையில் சட்டையில் குத்தினால் சாயங்காலம் வரை கழற்றக் கூடாது. இவரை நம்ப முடியாது, எங்காவது தொலைத்துவிட்டு வந்து நிற்பார். அதனால் தினமும் நானே குத்திவிட்டு, "சட்டையில இருந்து இதை எடுத்தீங்கன்னா பாருங்க" என்று மிரட்டித்தான் அனுப்புவேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது, தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னதோடு விட்டார்கள். இவர் விஷயத்தில்தான் வெயிலம்மாவின் நெற்றி சுருங்கியது. கணினித் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு படம். எல்லாப் புள்ளியும் ஒரு பக்கமாகக் கூடி நிற்க, ஒன்று மட்டும் மூலையில் தனியாகக் கிடந்தது. அதுதான் எங்கள் வீட்டுக்காரர்.

"இவ்வளவு வெயில் வேற யார் மேலயும் படல. ஆனா ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் கம்மி. தோல்ல உண்டாகறதை ஈரல்தான் மாத்திக் கொடுக்கணும். எதுக்கும் டாக்டர்கிட்ட ஈரலை ஒருதடவை காட்டிடுங்க."

இவருடைய அண்ணன் ஈரலில் புற்றுநோய் வந்துதான் போனார். அதுவும் கண்டுபிடித்தபோது கை மீறிப் போயிருந்தது. இவரைப் பார்த்தேன். மூலையில் கிடந்த அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியில ரொம்ப நேரம் நிப்பீங்களா?" என்று மறுநாள் டாக்டர், வெயிலம்மா கொடுத்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பப்போ," என்றார். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் அவரைத் திட்டவே இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்திருக்கும். தண்ணீர் கேட்டால் ஓடிப்போய்க் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்று அவர் சொல்ல, "யாரு இருக்குன்னாங்க?" என்று நான் சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

வார முடிவில் ஸ்கேன், மத்தியானத்துக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்காகக் காலையிலிருந்து பட்டினி, ஆனாலும் அரை நாள் வேலையை விட மனசில்லாமல் கிளம்பிப் போய்விட்டார். நான் கூட்டிவரப் போனேன். எப்போதும் வாசலோடு நின்றுவிடுகிறவள், அன்று பொறுமையில்லாமல், காவலாளி கைகாட்டிய பக்கமாகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

பின்பக்கம் வெறும் சிமெண்ட் தரை. நடுவில் ஒரு கம்பி கட்டியிருந்தது. கம்பியில் வரிசையாகச் சட்டைகள் தொங்கின. மூன்றாவதாக எங்கள் வீட்டு நீலக் கட்டம். அதன் நெஞ்சில் நான் குத்திவிட்ட வில்லை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சட்டைக்குள் ஆள் இல்லை.

கனமான கதவு திறந்து அவர் வந்தார். காதுவரை மூடிய பஞ்சு அங்கி, புருவத்தில் வெள்ளையாகப் பனி.

"இது என்னங்க?"

"சட்டை."

"தெரியுது. இங்க ஏன் தொங்குது?"

"உள்ள போகும்போது கழட்டிப் போட்டுடுவோம். நீதான சட்டையில இருந்து எடுக்கக் கூடாதுன்ன. நான் எடுக்கவே இல்ல."

"லாரிகிட்டதான நிப்பீங்க?"

"போன வருஷமே உள்ள மாத்திட்டாங்க. சொன்னா நீ கத்துவ."

"டாக்டர் கேட்டப்பவாவது வாயைத் திறக்க வேண்டியதுதான?"

"மெஷினே வெயில்ங்குது. நமக்கு என்ன தெரியும்?"

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்துகொண்டது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பதறிப்போனார்.

"கழட்டின சட்டையை உள்ளயே எங்கயாவது வைக்கலாம்ல? எல்லாரும் ஏன் இப்படி வெயில்ல போடறீங்க?" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இவங்க எல்லாம் என்னைப் பாத்துப் பழகிக்கிட்டாங்க. உள்ள வச்சா மீன் நாத்தம் ஏறிடும். லாரிகிட்ட இருந்தப்பவும் பனியனோடதான் பெட்டி தூக்குவேன், சட்டை இந்தக் கம்பியிலதான். கல்யாணமான புதுசுல உனக்குக் குமட்டுதுன்ன. அதான்."

நான் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் சட்டையில் எப்போதும் காய்ந்த துணியின் நல்ல வாசம் இருக்கும். எல்லாக் கணவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். "அப்ப ஸ்கேன் தேவையில்ல, இருட்டுலயே இருந்தா ரத்தத்துல வைட்டமின் எப்படி இருக்கும்?" என்றார். "பட்டினி கிடந்தாச்சு, பாத்துட்டே போயிடறேன். அண்ணன் பாக்காம விட்டுட்டாரு," என்றார் இவர். பார்த்தார்கள். ஈரல் சுத்தமாக இருந்தது. வெயிலம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, அந்த மூலைப் புள்ளியை நீக்கினார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதோடு, தினமும் சாப்பாட்டு வேளையில் அங்கியைக் கழற்றிவிட்டு, கம்பியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டி, கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் சற்று உட்கார வேண்டும் என்பது என் உத்தரவு. உட்காருகிறார். மீன் பெட்டி பிடித்த கையும் உடம்பும் அப்படியே சட்டைக்குள் போகின்றன.

இப்போது சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுப்படி வரைக்கும் மீன் நாற்றம் வருகிறது. நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.