சத்தமில்லாத இழுப்பு

சைபீரியாவில் எங்கள் ஊரான யாகூத்ஸ்க்கில் குளிர் மைனஸ் ஐம்பதைத் தொட்டால் பள்ளிக்கூடம் இல்லையென்று காலை வானொலியிலேயே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டுக்குள்தான். என் மகன் எர்கானுக்குக் கால் முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்தபோது அந்தக் கால் சூம்பிக் கிடந்தது. "குளிர்காலம் பூரா காலுக்கு வேலை குடும்மா, இல்லேன்னா இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர். அதனால் சுவரில் ஏறுகம்பிகள் அடித்தேன். ஏறினான், குதித்தான், சிரித்தான்.

கீழ்வீட்டு மாத்ரியோனாவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியால் வெந்நீர்க் குழாயைத் தட்டுவாள். அது எல்லா மாடிக்கும் கேட்கும். ஒருநாள் கட்டடத்து ஆட்களைத் திரட்டிவந்து கம்பிகளைக் கழற்ற வைத்தாள். போகிற போக்கில் எர்கானைப் பார்த்தாள்.

"நொண்டிக்காலுக்கு எதுக்குடா குதி? பேசாம ஒரு மூலையில உக்காரு."

அவன் நிஜமாகவே போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு வயிறு பற்றியெரிந்தது. இவளைச் சும்மா விட்டால் நான் ஒரு தாயா?

அவளுடைய மகன் ஐசெனுக்கும் எர்கான் வயதுதான்; கோடைத் திருவிழாவில் வருடா வருடம் சிறுவர்களுக்கான குச்சி இழுப்பில் ஜெயிப்பவன். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு பலகையில் பாதங்களை உதைத்துக்கொண்டு, ஒரே குச்சியை இருவரும் இழுக்க வேண்டும். பலமெல்லாம் காலில்தான். சத்தமே வராது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பலகைக்கு அடியில் கம்பளம் விரித்தேன். நானே எதிரில் உட்கார்ந்தேன். "மாத்ரியோனாவ நெனச்சுக்கிட்டு இழுடா" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான். குளிர்காலம் முழுக்க இழுத்தோம். குழாய் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் படிக்கட்டில் அவளே நிறுத்திப் பேசினாள். "பரவால்லயே, பையன அடக்கிட்ட. வீடு இப்பதான் நிம்மதியா இருக்கு."

"எல்லாம் உங்க புண்ணியம்க்கா" என்றேன்.

திருவிழாவில் ஐசெனுக்கு எதிரே எர்கான் உட்கார்ந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முதல் இழுப்பிலேயே ஐசென் பலகையைத் தாண்டி வந்து விழுந்தான். இரண்டாவதில் குச்சியே அவன் கையை விட்டுப் போயிற்று.

திருவிழாவில் எல்லோருக்கும் தரும் குதிரைப்பால் கிண்ணத்தோடு விறைத்து நின்றவளிடம் போனேன்.

"குளிர்காலம் பூரா உங்க தலைக்கு மேலதான் இழுத்தோம்க்கா. சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

அந்த வெயிலில்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது.