நாடியில் ஒரு வடு

என் பெயர் விமலாம்பிகை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவள் ஒருத்திதான், அவளும் போலந்துக்காரி. ஊருக்கு நான் ஐயரம்மா. என் கணவருக்கு ‘இஞ்சாரும்’, இங்கே பாரும் என்கிற அளவுக்குத்தான்.

நாரந்தனையில் எங்களுக்கு ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. அப்பா பூசை செய்த கோயில். அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் என்னைக் கட்டியவருக்கு வீட்டோடு கோயிலும் வந்து சேர்ந்தது. சோமாஸ்கந்த ஐயர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. குடி கிடையாது, கை நீட்டியதில்லை, ஒரேயொரு நாள் தவிரப் பூசை பிந்தியதில்லை. அம்பாளுக்கு அவர் பூச்சாத்துகிற பக்குவத்தைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. பேச்சென்றால் தண்ணீர், திரி, நைவேத்தியம். மாதத் துடக்கு நாட்களில் கிணற்றடிக்கு அப்பாலுள்ள சின்ன அறையில் தனியே இருப்பேன். அப்போது அந்தப் பேச்சும் இல்லை.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் எங்கள் வளவிலிருந்த முள்முருக்கு சரிந்து விழுந்தது. அது வேலிக்கு வைத்த மரமல்ல. என் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று கலியாணச் சடங்காக நட்ட கன்னிக்கால். அது தழைத்தால் கலியாணமும் தழைக்கும் என்று அம்மா தினமும் தண்ணீர் ஊற்றினாள். மரம் என்னவோ நன்றாகத்தான் தழைத்தது.

அது விழுந்து கிடந்த நாட்களில்தான் ஹலினா பக்கத்து வளவுக்கு வந்தாள். மலாயாவிலிருந்த ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். அவள் ஒரு சிற்பி. அவள் புருஷனும் சிற்பி. கொழும்பில் பெரிய கற்சிலை ஒன்று செய்ய அவனை அழைத்திருந்தார்கள், அழைப்பில் அவள் ‘சிற்பியின் மனைவி’. அதைச் சொல்லும்போது மூக்கைச் சுருக்கினாள். அவனை யாரும் அறியாத ஓரிடம் வேண்டுமென்று பஸ் ஏறி, பஸ் போகும் கடைசி இடம் வரை வந்தவள் அவள். நான் சீனியர் வரை படித்தவள். இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், இருவருமே பிழையாகப் பேசிக்கொண்டோம்.

படிக்கிற காலத்தில் அவளும் கல்லில்தான் தொடங்கினாளாம். ஒரு சிலையை நகர்த்த நாலு ஆண்கள் வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சிலையைச் சுற்றிவந்துவிட்டுப் புருஷனிடம் போய்க் கேள்வி கேட்பார்களாம். ஒருநாள் கல்லை அப்படியே விட்டுவிட்டாள். பிறகு மரம், துணி, கடதாசிக் கூழ். முன்னைய காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய கச்சைகளை மரத்தில் கடைந்து, உள்ளே ஆளில்லாமல் நிறுத்திவைத்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுப்படிக் குசினி வேலை என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினாராம்.

“நான் ஒருவரையும் கேட்காமல் தூக்கக்கூடியதை மட்டும்தான் செய்வேன், விமலாம்பிகை” என்றாள். நாக்குத் தடக்கினாலும் என் பெயரை அவள் ஒருநாளும் சுருக்கியதில்லை.

இன்னொரு நாள் சொன்னாள்: “எங்கள் நகரங்களில் நிற்கிற சிலைப் பெண்களைக் கேட்டால் ஒருத்தி வெற்றி, ஒருத்தி சுதந்திரம், ஒருத்தி தேவமாதா. யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. நான் ஒருத்தியை அவளாகவே செய்ய வேண்டும்.” சொல்லிவிட்டு விழுந்து கிடந்த முருக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஐயர் கோயிலில் இருக்கிற காலை நேரங்களில் நான் வேலி மறைத்த அவள் முற்றத்தில் போய் உட்காருவேன், அவள் அந்த முருக்கில் வெட்டிய துண்டில் என்னைச் செதுக்குவாள். யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, மறைப்பானேன், விடிந்தால் போதும் என்றிருந்தது.

என் நாடியில், மோவாயின் நடுவில், ஒரு வடு உண்டு. அவள் உளியை வைத்துவிட்டு அது எப்படி வந்தது என்று கேட்டாள். கலியாணமான முதல் வருஷம், அபிஷேகத் தண்ணீரோடு கோயில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். இரத்தம் சட்டையெல்லாம் வடிந்தது. “தண்ணி போச்சு, வேறை குடம் கொண்டு வாரும்” என்றார் ஐயர். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹலினா உளியை மறுபடி எடுத்து அந்த வடுவை மரத்தில் செதுக்கினாள்.

தலையும் தோளுமாகச் சிலை முடிந்தது. முழுகிவிட்டு முடிந்த கொண்டை, தாழ்ந்த கண், கொஞ்சம் சப்பை மூக்கு. எண்ணெயும் கரியும் பூசிக் கறுப்பாக்கியிருந்தாள். “உன் கணவர் அடையாளம் காண்பாரா?” என்று கேட்டாள்.

“கண்டவுடனை சொல்லுவார்” என்றேன்.

மறுநாள் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. புருஷனின் சிலை திறப்பு, மனைவி பக்கத்தில் நிற்க வேண்டுமாம். புறப்படும்போது சிலையை என் கையில் தந்தாள். ஒரு குடம் தண்ணீர் அளவுக்குக்கூடப் பாரமில்லை. “இது உன்னுடையது. நீயே தூக்கலாம்” என்றாள். பஸ் போன பிறகும் நான் ஒழுங்கையில் நின்றேன். எனக்குப் போக இடமிருந்தது, பேச ஆளில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் சிலையைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன். ஐயர் குளிக்க வருகிற வழி. வேலிக்கரையில் மறைந்து நின்று, அவர் என்ன சொல்லுவார் என்று பலவிதமாக நினைத்துப் பார்த்தேன். சிரிப்பார். இல்லையென்றால் ஏசுவார். ஏசினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அவர் வந்தார். நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

“தாயே” என்றார். “எழுந்தருளி வந்திட்டியோ.”

நான் வாய் திறக்குமுன் அயலெல்லாம் திரண்டுவிட்டது. புயலுக்குப் பிறகு ஊரும் ஓர் ஆறுதலைத் தேடிக்கொண்டிருந்தது. பட்டுச் சுற்றி, குங்குமம் வைத்து, மேளத்தோடு கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். அயலவள் செல்லாச்சி என் கையைப் பிடித்து, “உங்கடை வளவிலை வந்து இறங்கியிருக்கிறா, குடுத்துவைச்சனீங்கள் ஐயரம்மா” என்று கண்கலங்கினாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

அதன்பின் ஒவ்வொரு நாளும் என் கணவர் என் முகத்துக்குத் தீபம் காட்டினார். கண்ணை எடுக்காமல் பார்த்து, குரல் தழுதழுக்கப் பாடினார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, குனிந்த தலை நிமிராமல் என் கைச் சோற்றைச் சாப்பிட்டார். துடக்கு நாட்களில் நான் வெளிவீதிக்கும் வரக்கூடாது. என் முகம் உள்ளே, நான் வெளியே. சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. சொல்லலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். சொல்லித்தான் தெரியவேண்டுமென்றால் அது என்ன தெரிதல் என்ற ரோசத்தில் விழுங்கிவிடுவேன்.

முறைப்படி பிரதிஷ்டை செய்ய நாள் வைக்க வேலணையிலிருந்து ஒரு பெரிய குருக்கள் வந்தார். சிலையை உற்றுப் பார்த்துவிட்டு, “நாடியிலை பின்னம் இருக்குதே. பின்னமான விக்கிரகத்துக்குப் பூசை செய்யேலாது” என்றார்.

தினமும் அலங்காரம் செய்த என் மனிதர் விரலால் தடவிப் பார்த்தார். “ஓம். நான் வடிவாய்ப் பாக்கேல்லை” என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசாரியை வரவழைத்து வடுவைச் செதுக்கி நிரவுவது, அப்படியே மூக்கையும் எடுப்பாக்கிக் கண்ணைத் திறப்பது என்று முடிவாயிற்று. சின்ன அறையில் இருந்த எனக்கு இதைச் செல்லாச்சிதான் யன்னலால் சொன்னாள். “அம்பாள் இனி இன்னும் வடிவாய் இருப்பா” என்றாள்.

அன்றிரவு எனக்கு வந்த அழுகை அப்பா செத்ததற்கும் வந்ததில்லை. என்னை ஒருத்தி பார்த்தாள் என்பதற்கு உலகத்திலிருந்த அடையாளம் அது ஒன்றுதான். அதையும் திருத்தப் போகிறார்கள்.

காலையில் ஆசாரி மண்டபத்தில் சாக்கை விரித்து உளிகளை எடுத்துவைத்தபோது நான் அறையை விட்டு எழும்பினேன். துடக்கு இரண்டாம் நாள். தலை முழுகவில்லை. வெளிவீதி கடந்து, படியேறி, கூட்டத்துக்குள்ளால் நடந்தேன். நான் வர வர ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். நான் பூசகர் வீட்டுப் பெண், சட்டம் எனக்கும் தெரியும். துடக்கோடு இப்போது நான் தொட்டதை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சுற்றியிருந்த பட்டுத்துணியை உரிந்து கீழே வைத்தேன். அது கோயிலுடையது. சிலையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

“இஞ்சாரும்” என்றார் ஐயர். “அம்பாளை எங்கை கொண்டுபோறீர்?”

“இது அம்பாள் இல்லை” என்றேன். மரத்து முகத்தை என் முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். “ரண்டையும் பாருங்கோ.”

அவர் பார்த்தார். ஆசாரி பார்த்தான், ஊர் பார்த்தது. செல்லாச்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் கணவரின் கண் அதிலிருந்து எனக்கும், என்னிலிருந்து அதற்கும் போய்வந்து, கடைசியில் என் நாடியில் வந்து நின்றது.

“உமக்கு இது எப்ப பட்டது?” என்று கேட்டார்.

பொய்யாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“அபிஷேகத் தண்ணி ஊத்துப்பட்ட அண்டைக்கு” என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

“ஓம் ஓம்” என்றார். “அண்டைக்குப் பூசை பிந்தினது.”

நான் படியிறங்கினேன். கிணற்றடியில் குங்குமத்தைக் கழுவி, வடுவிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, அவளைச் சின்ன அறைக்குள் கொண்டுபோய்ப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். முருக்கு உளுத்துப்போகிற மரம். சில வருஷங்களில் அவளும் தூளாகிவிட்டாள். அதுவரை மாதத்தில் அந்த மூன்று நாளும் அந்த அறையில் நான் தனியே இருக்கவில்லை. மற்ற நாட்களில்தான் தனியே இருந்தேன்.